எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள்

அரியாங்குப்பம் பாலம் ஏறும்போதே எஞ்சின் சத்தம் மாறிவிட்டது என்று அப்பா சொன்னார். பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "ஏசி ஓடுதுல்லப்பா, அதான்" என்றேன். தவளக்குப்பம் தாண்டியபோது வெப்பமானி முள் சிவப்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஓரம் கட்டிப் பானட்டைத் திறந்தால் ஒரே ஆவி. ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவினேன். ஆயில் கறுப்பாக இல்லை. பால் டீ நிறத்தில் நுரைத்திருந்தது.

2016 மே மாதம் அது. வண்டி 2004 மாடல் மஹிந்திரா ஸ்கார்பியோ, கடலூர்ப் பதிவு, 2.6 லிட்டர் டர்போ டீசல். 2,84,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. எங்கள் வீட்டில் அதை யாரும் கார் என்று சொல்வதில்லை, வண்டி என்றால் அதுதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த மறுநாள், பண்ருட்டிப் பக்கம் இருந்த அத்தை வீட்டுக்கு அப்பா இதில்தான் போனார். பின்னால் இரண்டு அரிவாள், ஒரு கயிறு, நாலு குடம் தண்ணீர். வழி நெடுக விழுந்து கிடந்த பலா மரங்களை வெட்டி நகர்த்திக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள். அதனால் வண்டியை விற்றுவிடலாம் என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவே இல்லை.

எஞ்சின் போனதற்குக் காரணம் நான்தான். ரேடியேட்டரில் தண்ணீர் குறையும்போதெல்லாம் வீட்டு போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். தேவனாம்பட்டினம் போகும் சாலையில் எங்கள் வீடு. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, துவைத்த வேட்டி விறைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு வருடம் அதைக் குடித்த ரேடியேட்டரைக் கழற்றியபோது, குழாய்களில் பாதிக்கு மேல் சுண்ணாம்பு அடைத்திருந்தது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளைந்து, அதற்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போய், தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டன. கூலண்ட் டப்பாவில் சேமித்த காசு என்ன ஆகியிருக்கும், ஆயிரம் ரூபாயா?

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். முப்பது வருடம் டீசல் வண்டிகளோடு வாழ்ந்தவர். பிரித்துப் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். சிலிண்டர்களைக் கடைந்து ரீபோர் செய்து, பிஸ்டன் மாற்றி, வளைந்த ஹெட்டைச் சமப்படுத்தி ஃபேசிங் பிடித்து, பம்ப்பையும் சரி பார்த்தால் ஏறக்குறைய 85,000. இல்லையென்றால் இதே கம்பெனி 2008-இல் இதே ஸ்கார்பியோவில் போட ஆரம்பித்த எம்ஹாக் எஞ்சினை இறக்கிவிடலாம். "ஆனா தம்பி, ரெண்டாவது வழில போனா பாதில திரும்ப முடியாது. யோசிச்சிக்க" என்றார்.

நான் யோசித்தது வேறு மாதிரி. பழைய எஞ்சின் 2,609 சிசி, சிலிண்டர் விட்டம் 94 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக்கும் 94. எம்ஹாக் 2,179 சிசி, விட்டம் 85, ஸ்ட்ரோக் 96. அளவில் நானூறு சிசிக்கு மேல் சின்னது. ஆனால் 120 குதிரைத் திறன், நிமிஷத்துக்கு 1,800 முதல் 2,800 சுற்றுக்குள்ளேயே 290 நியூட்டன் மீட்டர் இழுவை. ஒரு சிலிண்டருக்கு நாலு வால்வு, எல்லா சிலிண்டருக்கும் பொதுவான காமன் ரெயில் குழாயில் 1,600 பார் அழுத்தத்தில் டீசல். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் டர்போவிலேயே, புகைக்காற்று போகும் வழியைக் குறுக்கி விரிக்கும் இதழ்கள் உண்டு. குறைந்த சுற்றில் வழி குறுகும், புகைக்காற்று வேகமாக அடித்து டர்போவைச் சீக்கிரம் சுழற்றும். பழைய வண்டியில் மிதித்துவிட்டு ஒரு மூச்சு காத்திருக்க வேண்டியிருந்ததே, அந்தக் காத்திருப்பு இதில் குறையும். இதையெல்லாம் படித்துப் படித்துத் தலைக்கேறிப்போய், அடுத்த வாரமே சென்னைக்குப் போய் ஒரு பழைய எம்ஹாக் எஞ்சினை 72,000 ரூபாய்க்கு வாங்கி மினி லாரியில் ஏற்றிவிட்டேன். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

லாரியிலிருந்து இறக்கியதும் அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "எஞ்சின் நல்லாதான் இருக்கு. மீதி எங்க?"

மீதி என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பழைய எஞ்சினுக்கு டீசலும் காற்றும் போதும். ஓட ஆரம்பித்துவிட்டால் பம்ப்பில் டீசலைத் திறந்து மூடும் சொலினாய்டுக்கு ஒரே ஒரு வயரில் கரண்ட் வந்தால் சரி. புதியது அப்படி இல்லை. இதற்கு எஞ்சினை நடத்தும் கணினியான இசியு வேண்டும். அதோடு பழகிய சாவியும், சாவியை அடையாளம் பார்க்கும் இம்மொபிலைசரும் வேண்டும், இல்லாவிட்டால் இசியு யாரோ திருடன் என்று நினைத்துக்கொண்டு ஸ்டார்ட் ஆக விடாது. கேபிள் இழுக்கும் ஆக்சிலேட்டர் பெடல் உதவாது, வயரில் பேசும் பெடல் வேண்டும். டீசல் வடிகட்டி வேறு, டேங்க்கிலிருந்து வரும், திரும்பிப் போகும் குழாய்கள் வேறு. கியர் பாக்ஸ், மவுண்டிங் பிராக்கெட், ரேடியேட்டர், ஏசி குழாய், மீட்டர் போர்டு என்று அந்தப் பட்டியல் முடியவே இல்லை. பிரேக்கை மறந்துவிடுகிறவர்களும் உண்டு. டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சின் போல உறிஞ்சும் வேக்யூம் தானாகக் கிடைக்காது, அதற்கென்று தனிப் பம்ப் ஓடும். அந்தக் குழாயைச் சரியாக இணைக்காவிட்டால் பிரேக் பெடல் கல்லாகிவிடும்.

ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தேன். மூன்று வாரம் அலைந்து ஒரு இசியு கிடைத்தது, அதற்கான சாவி இல்லை. இன்னொரு இடத்தில் வயரிங் கிடைத்தது, பாதியில் வெட்டப்பட்டு. வெட்டிய வயரை ஒட்டிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்தது. அந்தக் கட்டில் எத்தனை வயர் இருந்தன என்று எண்ணக்கூட முடியாது.

கடைசியில் அண்ணன் சொன்னதைத்தான் செய்தோம். விழுப்புரம் பக்கம் ஒரு 2010 மாடல் ஸ்கார்பியோ, லாரி பின்னால் மோதி நசுங்கியது. இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ் ஆனது. முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. எல்லா ஆவணங்களோடும் 1,45,000 ரூபாய். முதலில் வாங்கிய எஞ்சினை 54,000-க்குத் தள்ளிவிட்டேன். 18,000 ரூபாய் அவசரக்காரன் கட்டிய வரி.

யாராவது இந்த வேலையில் இறங்கப்போகிறேன் என்று என்னிடம் வந்தால் முதலில் சொல்வது இதைத்தான்: எஞ்சினை வாங்காதீர்கள், முழு வண்டியை வாங்குங்கள். அதையும் அவிழ்ப்பதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். நசுங்கிய வண்டியை அண்ணன் பட்டறை வாசலில் இரண்டு நாள் வைத்து ஓட்டினார். குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட் செய்து பார்த்தார், சூடானதும் பார்த்தார், ஏசி போட்டுப் பார்த்தார். "அவுக்கறதுக்கு முன்னாடி ஓடுன வண்டி, மாட்டுன பிறகு ஓடலைன்னா தப்பு நம்மகிட்டதான். எங்க தேடணும்னு தெரியும்ல" என்பது அவர் கணக்கு. பின்னால் அந்தக் கணக்கு எவ்வளவு கை கொடுத்தது என்று சொல்கிறேன்.

அவிழ்க்கும்போது ஒவ்வொரு கனெக்டரிலும் வெள்ளை டேப் ஒட்டி எண் எழுதினோம். ஃபோனில் முந்நூறு படங்களுக்கு மேல் எடுத்திருப்பேன். பழைய எஞ்சினைச் செயின் பிளாக்கில் தூக்கி வெளியே வைத்தபோது அப்பா வந்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் அதன்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மாட்டும் வேலையில் மூன்று இடத்தில் அடி வாங்கினோம், மூன்றும் சில்லறை விஷயங்கள்.

முதலாவது பிராக்கெட். நசுங்கிய வண்டியின் பிராக்கெட் ஒன்றில் போல்ட் துருப்பிடித்து வரவில்லை. சரி, லேத்தில் ஒன்று செய்துகொள்ளலாம் என்று செய்து மாட்டினோம். வண்டி ஓடியது, ஆனால் 80-க்கு மேல் போனால் தரை அதிர்ந்தது. டயர் பாலன்ஸ் பார்த்தோம், ஷாஃப்ட் மூட்டான யு.ஜே. கிராஸை மாற்றினோம், தீரவில்லை. அப்புறம் அளந்து பார்த்தால் எஞ்சினின் பின்பக்கம் ஆறு மில்லிமீட்டர் கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது. அதனால் கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிராப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறிவிட்டது. துருப்பிடித்த போல்ட்டை வெட்டியெடுத்து அசல் பிராக்கெட்டையே மாட்டியதும் அதிர்வு நின்றது.

இரண்டாவது, கிராங்க் பின்பக்க ஆயில் சீல். சில நூறு ரூபாய்ச் சாமான். எஞ்சினும் கியர் பாக்ஸும் தனித்தனியாகக் கீழே கிடந்தபோது மாற்றியிருந்தால் பத்து நிமிஷ வேலை. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் புதிது போட்டோம். சீலை மட்டும், கசிவு இல்லையே என்று நான்தான் விட்டுவிடச் சொன்னேன். நாலாவது மாதம் வீட்டு வாசல் தரையில் ஆயில் சொட்டு. மறுபடி கியர் பாக்ஸை இறக்கி ஏற்றக் கூலி மட்டும் 4,500. எஞ்சின் கீழே இருக்கும்போது கைக்கு எட்டுகிற சீல், ஹோஸ், பெல்ட் எதையும் பழையதாகத் திரும்ப மேலே அனுப்பக் கூடாது.

மூன்றாவது டீசல் டேங்க். கடலூர்க்காரர்கள் பலரைப் போல நாங்களும் விலை குறைவு என்று எல்லைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரி பங்குகளில்தான் டீசல் போடுவோம். டீசலில் குறை இல்லை. பன்னிரண்டு வருடம் கடற்கரைக் காற்றில் நின்ற டேங்க்கின் அடியில் சேர்ந்திருந்த துருவும் தண்ணீரும்தான் குறை. பழைய பம்ப் அதையெல்லாம் எப்படியோ சகித்துக்கொண்டது. டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் காமன் ரெயில் இன்ஜெக்டரின் உள்ளே இருக்கும் இடைவெளி முடியைவிடப் பல மடங்கு மெல்லியது, கண்ணுக்குத் தெரியாத துகளே அதற்குப் பாறை. டேங்க்கை இறக்கிக் கழுவு என்று அண்ணன் சொன்னார். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். இரண்டாவது மாதம் ஒரு இன்ஜெக்டர் போனது, 11,000 ரூபாய்.

இதையெல்லாம் விட என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒன்று.

வண்டி ஓடத் தொடங்கிய ஐந்தாம் நாள், மஞ்சக்குப்பம் மைதானம் பக்கத்தில் எஞ்சின் விளக்கு எரிந்தது. வண்டி 2,000 சுற்றுக்கு மேல் ஏற மறுத்தது. எவ்வளவு மிதித்தாலும் மாட்டு வண்டி வேகம். சாவியை அணைத்துவிட்டுப் போட்டால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். அடுத்த நாள் செம்மண்டலத்தில் அதே கதை. ஸ்கேனர் மாட்டிப் பார்த்தால் ஒரு நாள் ரெயில் அழுத்த சென்சார் என்று சொல்லும், மறுநாள் ஆக்சிலேட்டர் பெடல் என்று சொல்லும். ஒரு இடத்தில் சென்சாரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், 6,000 ரூபாய் போனது. விளக்கு மட்டும் போகவில்லை.

அப்போதுதான் அண்ணனின் பழைய கணக்கு கை கொடுத்தது. "இதே பெடல், இதே சென்சார், இதே வயரிங் அந்த வண்டில ரெண்டு நாள் ஓடுச்சுல்ல? அங்க இருந்து இங்க வராதது எது, அதப் பாரு." வராதது ஒன்றுதான், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ்.

திருப்பாதிரிப்புலியூரில் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தார். ஸ்கேனரைத் தொடவே இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். மீட்டர் 0.9 வோல்ட் காட்டியது. "அரை வோல்ட்டைத் தாண்டவே கூடாது தம்பி. எர்த்து சரியில்ல" என்றார். கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழிதான் எர்த். சேஸிஸில் அந்த வயர் உட்காரும் இடத்தைச் சுரண்டினால் பெயின்ட்டுக்கு அடியில் துரு பொருக்குப் பொருக்காக வந்தது. உப்புக் காற்று செய்த வேலை.

சென்சார்கள் 5 வோல்ட்டில் பேசுகிறவை. பெடலுக்குள் இரண்டு சென்சார் உண்டு, இரண்டும் சொல்லும் கணக்கு ஒத்துப்போக வேண்டும். எர்த்தில் கொஞ்சம் வோல்ட் தொலைந்தாலும் கணக்கு இடிக்கும். இசியு பயந்துபோய் எஞ்சினை அடக்கிவிடும். பழைய எஞ்சினுக்கு இந்தத் துரு ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் பன்னிரண்டு வருடம் யாருக்கும் தெரியாமலே இருந்தது. பிளாக்கிலிருந்து சேஸிஸுக்குத் தடிமனான புது எர்த் பட்டை போட்டு, இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, போல்ட்டை முறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவினார். மொத்தம் 650 ரூபாய். அன்றோடு விளக்கு அணைந்தது. இன்றும் ஒவ்வொரு ஐப்பசி மழைக்கு முன்னும் அந்த போல்ட்டுகளைக் கழற்றித் தேய்த்து வாஸ்லின் தடவுகிறேன். கடலோரத்தில் குடியிருந்துகொண்டு இசியு உள்ள எஞ்சினைப் பழைய சேஸிஸில் வைக்கிறவர்கள் சென்சார் வாங்கும் முன் உப்புத்தாளும் மல்டிமீட்டரும் வாங்கட்டும்.

காகித வேலையைத் தொடாமல் விட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி வண்டியில் இப்படி மாற்றம் செய்யப் பதிவு அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும், செய்த பின் 14 நாளுக்குள் தெரிவித்து, பதிவுச் சான்றான ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வேண்டும். நசுங்கிய வண்டியின் பதிவை 55-ஆவது பிரிவில் ரத்து செய்ய வேண்டும், அதற்கும் 14 நாள். அதே நிறுவனம் அதே மாடலில் தானே போட்டு விற்ற எஞ்சின் என்பதைக் காட்டி மனு கொடுத்தேன், 2016-இல் எனக்கு அனுமதி கிடைத்தது. இன்றைக்கு உங்களுக்குக் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தத்தில் அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று ஆகிவிட்டது. அதனால் எஞ்சினுக்கு முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் ஊர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். முடியாது என்று வந்தால் ரீபோர்தான், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துப் பாலிசியில் எஞ்சின் எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். எண் ஒத்துப்போகாத வண்டிக்கு நஷ்டஈடு கேட்டுப் போய் நிற்பதைப் போல் அவமானம் இல்லை.

சின்ன விஷயம் ஒன்று. மீட்டர் போர்டையும் நசுங்கிய வண்டியிலிருந்து எடுத்ததால், எங்கள் வண்டி ஒரே நாளில் 2,84,000-லிருந்து 96,000-க்கு இறங்கிவிட்டது. வாங்குகிறவனை ஏமாற்றவென்றே இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மாற்றிய தேதி, இரண்டு மீட்டரின் கிலோமீட்டர், இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி நானும் அண்ணனும் கையெழுத்துப் போட்டு ஆர்.சி.யோடு வைத்திருக்கிறோம்.

எஞ்சின் விற்றுக் கிடைத்ததையும், நசுங்கிய வண்டியின் கதவு, சீட் முதலியவற்றை விற்ற 40,000-ஐயும் கழித்தபின் மொத்தச் செலவு 2,30,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. ரீபோர் 85,000-இல் முடிந்திருக்கும். கணக்கில் இது நஷ்டம், சுற்றி வளைக்க வேண்டியதில்லை. முன்பு லிட்டருக்குப் பத்தரை ஓடியது, இப்போது பன்னிரண்டரை ஓடுகிறது. அந்த மிச்சத்தில் செலவை எடுக்க வேண்டுமென்றால் என் மகன்தான் ஓட்டி எடுக்க வேண்டும்.

ஆனால் அந்த டிசம்பரில் ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவு. ஏழு பேர், மூட்டை முடிச்சு, ஏசி. பழைய வண்டியில் ஒவ்வொரு வளைவிலும் முதல் கியருக்கு இறங்கி, உறுமி, கறும்புகை விட்டு ஏறுவோம். இதில் இரண்டாவது கியரிலேயே முணுமுணுத்துக்கொண்டு ஏறியது. மேலே போய்ச் சேர்ந்ததும் அப்பா இறங்கிப் பானட்டைத் தொட்டுப் பார்த்தார். "சத்தமே தெரியல. இதுக்கு உடம்பு சரியில்லைன்னா எப்படிடா கண்டுபிடிக்கிறது?" என்றார். நியாயமான கேள்விதான். அவருக்காகவே ஐந்நூறு ரூபாய் ஸ்கேனர் ஒன்று வாங்கி ஃபோனில் வெப்பநிலை பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். இப்போது பின்சீட்டில் கண்ணை மூடுவதில்லை, ஃபோனைப் பார்த்துக்கொண்டே வருகிறார்.

2019-இல் பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பித்தபோது சிக்கல் இல்லை. 2024-இல் இரண்டாவது முறை போனபோது, ஆய்வாளர் டார்ச் அடித்து எஞ்சின் எண்ணைத் தேடினார். எஞ்சின் உள்ளே உட்கார்ந்த பிறகு அந்த எண் குழாய்களுக்கும் வயர் கட்டுக்கும் பின்னால் மறைந்துவிடுகிறது. ஃபோனில் இருந்த பழைய படத்தைக் காட்டினேன். "படம் வேணாம் சார், நம்பர் வேணும்" என்றார். அவர் சொல்வதும் சரிதானே. டூல் பாக்ஸை எடுத்து, அலுவலக வாசல் வெயிலில் குழாயைக் கழற்றி, துணியால் துடைத்துக் காட்டினேன். பென்சிலால் தேய்த்து எடுத்த நகலை ஆர்.சி.யோடு வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். குழாயைத் திரும்ப மாட்டும்போது அப்பா பக்கத்தில் வந்து குனிந்து, "எர்த்து போல்ட்டையும் ஒரு தடவை பார்த்துடு" என்றார்.